ஆளுக்குப் பாதிக் கச்சேரி

இல்லை இல்லை, நீங்கள் நகர வேண்டாம் ஆன்ட்டி, எனக்கு இந்த ஓரம் போதும். உங்கள் டிபன் கேரியரை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கட்டுமா? தேங்க்ஸ். மெதுவாகத்தான் உட்கார வேண்டும், இப்போதுதான் தூங்கினாள். ஏழு மாதம். எஸ்தர். என் மாமியாருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, "வெள்ளச்சி" என்று கூப்பிடுகிறார். நிறம் என்னவோ என் நிறம்தான், பாருங்கள், கறுப்புதான். அதைச் சொன்னால், "நான் கூப்டா திரும்புறாளா இல்லையா, அது போதும்" என்கிறார். திரும்புகிறாளா என்பதுதான் கேள்வியே. அதைப் பிறகு சொல்கிறேன்.

உள்ளே என் ஹஸ்பண்ட் இருக்கிறார். இருக்கிறான். ஸாரி ஆன்ட்டி, நாங்கள் வா போ தான். வெற்றி என்று பெயர். முதல் பாதி அவன் உள்ளே, நான் வெளியே. இரண்டாம் பாதி நான் உள்ளே, அவன் வெளியே. நல்ல ஏற்பாடு இல்லையா? நான்தான் கண்டுபிடித்தேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். பிள்ளை பிறந்த பிறகு முதல் கச்சேரி, காலையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நீங்கள் யாரையோ கூட்டிப்போக வந்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்ததில்லையா? பார்க்க வேண்டும் ஆன்ட்டி. ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்குக்குள் இப்படி ஒன்று நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். பேண்ட் பெயர் ஈரத்துணி. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் பெயர். இவர்கள் பாட்டு எந்த சினிமாவிலும் வராது. டீக்கடையில் கேட்க முடியாது. இங்கே வந்து நின்றால்தான் உண்டு. அவர்களே எழுதி, அவர்களே இசை போட்டு, அவர்களே ஸ்பீக்கர் தூக்கி, கடைசியில் அவர்களே கூட்டியும் விடுவார்கள். நானே ஒருமுறை பார்த்தேன், பாடகன் கையில் துடைப்பம்.

நாலு பேர். பாடுகிறவன் பைத்தியம், நல்ல பைத்தியம். கிட்டார் வாசிக்கிறவள் மயிலாப்பூர்ப் பெண், காலில் செருப்பு போடமாட்டாள். டிரம்ஸ் அடிக்கிறவன் கொஞ்சம் அவசரக்காரன், பாட்டு முடிவதற்குள் பஸ் போய்விடும் என்பதுபோல் அடிப்பான். நாலாவதாக ஒருத்தன் இருக்கிறான், பேஸ் கிட்டார். அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓரமாக நிற்பான். எப்போது வந்தாலும் அதே பழுப்புச் சட்டை. வெற்றி அவனுக்கு "ஈ.பி. ரீடிங் எடுக்க வந்தவர்" என்று பெயர் வைத்திருக்கிறான். மீட்டரைத் தேடிக்கொண்டு வந்து மேடையில் மாட்டிக்கொண்டவன் மாதிரியே இருக்கும். என்ன ஆன்ட்டி, இருமல் வந்துவிட்டதா? தண்ணீர் இருக்கிறது, எடுங்கள். எஸ்தருக்குக் கொதிக்க வைத்து ஆற்றியதுதான், நல்ல தண்ணீர்.

நான் வெற்றியைப் பார்த்ததே ஈரத்துணி கச்சேரியில்தான். ஹாஸ்டல் தோழி ஒருத்தி இழுத்து வந்தாள். நான் கான்வென்ட்டில் படித்தவள் ஆன்ட்டி. எல்லாரும் குதிக்கிறார்கள், நான் அசெம்பிளியில் நிற்கிற மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆனால் வாய் சும்மா இருக்குமா? பள்ளியில் எட்டு வருஷம் கொயரில் இருந்தவள். சிஸ்டர் எம்மானுவேல் என்று ஒருவர். முதல் நாளே என் குரலைக் கேட்டுவிட்டு, "யூ, செகண்ட்" என்று ஓரமாக நிறுத்திவிட்டார். செகண்ட் என்றால் தெரியுமா? மெட்டை மற்றவர்கள் பாடுவார்கள். நாங்கள் அதற்குக் கீழே, துணைக்குப் போகிற மாதிரி, வேறொன்று பாடுவோம். சேர்ந்து கேட்டால் தேன். தனியாகக் கேட்டால், வயிற்று வலிக்காரி முனகுகிற மாதிரி இருக்கும். எட்டு வருஷம் அதையே பாடிப் பாடி, எனக்கு எந்தப் பாட்டுக்குமே மெட்டு தெரியாது ஆன்ட்டி. சத்தியமாக. கிறிஸ்துமஸ் பாட்டுக்குக்கூடத் தெரியாது. எஸ்தருக்குத் தாலாட்டு பாடினால் செகண்ட்தான் வருகிறது. அவள் என்னையே முறைத்துப் பார்க்கிறாள், மீதிப் பாட்டு எங்கே என்பது போல.

அன்றைக்கும் அப்படித்தான் பாடிக்கொண்டிருந்தேன். முன்னால் நின்ற ஒருத்தன் திரும்பினான்.

"எக்ஸ்கியூஸ் மீ, நீங்க வேற ஏதோ பாட்டு பாடறீங்க."

"அதே பாட்டுதான். இது செகண்ட்."

"அப்ப ஃபர்ஸ்ட் எங்க?"

"அதை நீங்க பாடுங்க."

பாடினான் ஆன்ட்டி. கடவுளே. சுருதி என்று ஒன்று இருப்பதை யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் வெட்கமில்லாமல் பாடினான், தொண்டை நரம்பு புடைக்கப் பாடினான். அதற்குக் கீழே நான் பாடினேன். தேன் என்று சொல்லமாட்டேன். கருப்பட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டியும் கல்லுமாக, ஆனால் இனிப்பு. அடுத்த கச்சேரிக்கு நாங்களே பேசிவைத்துக்கொண்டு வந்தோம். அதற்கடுத்ததற்கு அவன் ஹெல்மெட்டுடன் எனக்கும் ஒரு ஹெல்மெட் கொண்டுவந்தான். புது ஹெல்மெட். அப்போதே முடிவாகிவிட்டது.

எத்தனை கச்சேரி! அடையாறில் ஒரு மொட்டைமாடியில், மழை வந்து பாதிப் பேர் ஓடிய பிறகு மீதிப் பேருக்கு மட்டும் வாசித்தார்கள். புதுச்சேரியில் ஒரு சைக்கிள் கடைக்குள். பெங்களூரில் ஒரு இடத்தில் தரை அப்படி வழுக்கியது, வெற்றி குதித்துக் குதித்து ஒரு தூணைத் தாண்டி வேறொரு குடும்பத்துடன் போய் நின்றுவிட்டான். அவன் முன்னால், நான் பின்னால், என் இரண்டு கையும் அவன் முதுகுப்பையின் வார்களில். பஸ்ஸில் தொங்குகிற மாதிரி. கூட்டம் எந்தப் பக்கம் தள்ளினாலும் வாரை விடமாட்டேன். அவன் ஃபர்ஸ்ட், நான் செகண்ட்.

இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கச்சேரி நடுவில் பாடகன் ஒரு துண்டைத் தண்ணீர் வாளியில் முக்கி, பிழியாமல், கூட்டத்துக்குள் வீசுவான். அதுதான் ஈரத்துணி. அதைப் பிடித்தவர்கள் ராஜா. நாங்கள் இத்தனை வருஷமாகப் பிடித்ததே இல்லை. ஒருமுறை என் விரல் பட்டது. வெற்றி அந்த விரலை ஒரு வாரம் எல்லாரிடமும் காட்டினான். இன்றைக்கு எங்களுக்கு அதுதான் மணி. துணி வீசினதும் அவன் வெளியே வர வேண்டும், நான் உள்ளே போக வேண்டும்.

ஒரு நிமிஷம் ஆன்ட்டி, இவளைக் கொஞ்சம் பிடிக்கிறீர்களா? பையில் ஒன்று எடுக்க வேண்டும். தலையை, தலையை. ஆம், அப்படித்தான். இதோ பாருங்கள், காதுமூடி. குழந்தைகளுக்கென்றே விற்கிறார்கள். இதை மாட்டினால் எஸ்தர் பார்க்க விமானம் ஓட்டுகிறவள் மாதிரி இருக்கிறாள். இதைப் போட்டு உள்ளேயே கூட்டிப்போகலாம் என்றான் வெற்றி. நான்தான் கூடாது என்றேன். கடித்துக் கடித்து ஓரமெல்லாம் ஈரம், வேறு ஒன்றுக்கும் உதவவில்லை.

ஏன் கூடாது என்றேன் என்றால்... சிரிக்கமாட்டீர்கள் அல்லவா?

இவள் வயிற்றில் ஐந்து மாதம் இருக்கும்போது நாங்கள் கடைசியாகக் கச்சேரிக்குப் போனோம். இதே இடம். கூட்டத்தில் இடிபடக் கூடாது என்று என்னை ஓரமாக நிறுத்தினான். ஓரத்தில் என்ன இருந்தது? பீரோ மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி, ஸ்பீக்கர். தும் தும் தும் என்று அது அதிர, உள்ளே இவள் உதைத்தாள். முதல் உதை ஆன்ட்டி! நான் வெற்றியின் கையை எடுத்து வயிற்றில் வைத்தேன், அவன் பாடுவதை விட்டுவிட்டு அழ ஆரம்பித்தான், பக்கத்தில் நின்ற பெண், "அண்ணா, பாட்டு அவ்ளோ சோகமாவா இருக்கு?" என்றாள். அன்றைக்கு வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

மறுநாள் கீழ்வீட்டு அம்மாவிடம் சொன்னேன். பெருமைக்குத்தான் சொன்னேன். அவர் கன்னத்தில் கை வைத்து, "ஐயையோ, பிள்ளைக்குக் காது போயிடப் போகுதுடி" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை அப்படியே உள்ளே உட்கார்ந்துவிட்டது.

பிறந்ததும் டாக்டர் காதைப் பரிசோதித்தார், நன்றாக இருக்கிறது என்றார். மறுபடி போனேன். மறுபடி நன்றாக இருக்கிறது என்றார். மூன்றாம் முறை போனபோது, "உங்களுக்குத்தாம்மா காது கேக்கலை, நான் சொல்றது" என்றார். சரி, அவர் பரிசோதித்த அன்றைக்குக் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு? அதனால் நானே வீட்டில் பரிசோதிக்கிறேன். பயத்தினால் இல்லை ஆன்ட்டி, நான் பயந்தவள் இல்லை, ஒரு முன்ஜாக்கிரதை. பின்னால் போய் நின்று கரண்டியால் தட்டைத் தட்டுவேன். ஒருநாள் திரும்புவாள். ஒருநாள் ஃபேனைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். போன வாரம் இட்லிக் கொப்பரையை மூடியோடு தரையில் போட்டேன். மாடியிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்துவிட்டார்கள். இவள் கொட்டாவி விட்டாள்.

இப்போது பாருங்கள். உள்ளே அத்தனை ஆர்ப்பாட்டம், இங்கே தெருவுக்கு இந்தப் பக்கம்வரை தும் தும் என்று வருகிறது, இவள் உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என்ன தூக்கம் தூங்குகிறாள். மற்ற குழந்தை என்றால் எழுந்திருக்காது? வெற்றியிடம் சொன்னால், "தூங்கறாளேன்னு சந்தோஷப்படுடி" என்கிறான். அவனுக்கு என்ன, அவன் அவளை எல்லாரிடமும் கொடுத்துவிடுவான். வாட்ச்மேனிடம் கொடுப்பான். மீன்காரம்மாவிடம் கொடுப்பான். நான் யாரிடமும் கொடுக்கமாட்டேன். என் அம்மாவிடம்கூட நான் பக்கத்தில் இருந்தால்தான். இன்றைக்கு மாமியார் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். மாட்டேன் என்றேன். அதனால்தான் இந்த ஆளுக்குப் பாதி.

இது எங்கள் வீட்டு வழக்கம்தான். என் அப்பாவும் அம்மாவும் இப்படித்தான் கோயிலுக்குப் போவார்கள். முதல் பூசைக்கு அப்பா, இரண்டாம் பூசைக்கு அம்மா. நடுவில் வாசலில் பார்த்துக்கொள்வார்கள், அப்பா சாவியைக் கொடுப்பார், அம்மா பாலுக்குச் சொல்லிவிட்டேன் என்பார். நாங்கள் மூன்று பிள்ளைகள், வேறு என்ன செய்வது? அவர்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பூசை பார்த்தது என் கல்யாணத்தன்றுதான். அன்றைக்கு அம்மாவுக்கு அப்பா பாடுகிற சத்தம் கேட்டு ஒரே ஆச்சரியம். "இவரு இவ்ளோ சத்தமாவா பாடுவாரு?" என்று என்னிடம் கேட்டார். கல்யாணப் பெண்ணிடம், பீடத்துக்கு முன்னால்.

அதை நினைத்தால்தான் கொஞ்சம்... இல்லை, எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் ஒன்று இன்றைக்குக் காலையில்தான் தோன்றியது ஆன்ட்டி. நான் உள்ளே போய் என்ன பாடுவது? செகண்டைத் தனியாகப் பாட முடியாது. எனக்கு மெட்டே தெரியாதே. ஃபர்ஸ்ட் பாடுகிறவன் வெளியே குழந்தையை வைத்துக்கொண்டு நிற்பான். முந்நூறு பேர் பாடுவார்களே என்பீர்கள். பாடுவார்கள். அவர்கள் ஒழுங்காகப் பாடுவார்கள், எனக்கு அது பழக்கமில்லை.

ஐயோ. எழுந்துவிட்டாள். ஏன்? ஏன் எழுந்தாள்? ஒரு சத்தமும் இல்லையே. சத்தம் நின்றுதானே போயிருக்கிறது. அழாதே கண்ணு, அழாதே. ஆன்ட்டி, அவள் கால் மடங்கி இருக்கிறதா பாருங்கள். என்ன சொன்னீர்கள்?

தண்ணி குடிக்கிறானா? யார்?

இந்தப் பாட்டுக்கு வாசிக்கமாட்டானா? யார் ஆன்ட்டி வாசிக்கமாட்டான்?

உங்கள் பையனா!

அந்த... பேஸ் கிட்டாரா? ஓரமாக நிற்கிற... இயேசுவே. ஆன்ட்டி, ஸாரி ஆன்ட்டி. போஸ்டரில் 'கேஷ்' என்று போட்டிருக்கிறதே, அது குமரேசனா? அந்தப் பழுப்புச் சட்டை நீங்கள் எடுத்துக் கொடுத்ததா? நல்ல சட்டை ஆன்ட்டி! நிஜமாகவே நல்ல சட்டை, துணி தரமான துணி, அதனால்தானே இத்தனை வருஷம் உழைக்கிறது. ஈ.பி. விஷயம் நான் சொல்லவில்லை, வெற்றி சொன்னது. அவனுக்கு வாய் அதிகம். சிரிக்கிறீர்களா? கோபம் இல்லையே? அப்பாடா. கேரியரில் அவருக்குத்தான் சாப்பாடா? வத்தக்குழம்பா? உள்ளே போனால் உங்களுக்குத் தலை சுற்றுகிறது, அதனால் ஒவ்வொரு முறையும் அம்பத்தூரிலிருந்து வந்து இங்கேயே உட்கார்ந்துவிடுவீர்களா? பாட்டு ஒன்றும் கேட்காதே இங்கே?

"எம் புள்ள வாசிக்கிறது மட்டும் கேக்கும்."

ஆமாம். ஆமாம், ஆன்ட்டி! சுவரைத் தாண்டி வருவது அது மட்டும்தானே! பாடகன் வரவில்லை, கிட்டார் வரவில்லை, அவர் ஒருத்தர்தான் தெருவைத் தாண்டி வருகிறார்.

இதோ, மறுபடி ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் குடித்து முடித்துவிட்டார் போல.

இருங்கள்.

இருங்கள் ஆன்ட்டி, அசையாதீர்கள். இவளைப் பாருங்கள். கண் சொருகுகிறது. இப்போதுதானே கத்தினாள்? தட்டிக்கூடக் கொடுக்கவில்லையே நீங்கள்? பெஞ்சு அதிர்கிறதா? தொட்டுப் பார்க்கிறேன். இல்லை, அதிரவில்லை. தரை? தரையும் இல்லை. அப்படியானால்... இந்தப் பாட்டு முடியட்டும். பேசாமல் இருப்போம். நான் பேசாமல் இருப்பேன், பாருங்கள்.

முடிந்தது. முகத்தைப் பாருங்கள், உதட்டைப் பிதுக்குகிறாள்! நெற்றியைச் சுருக்குகிறாள்! அழுகிறாள்! அழுகிறாள் ஆன்ட்டி! என் தங்கமே, அழு, நன்றாக அழு! கேட்காத காதுக்கு நின்றது எப்படித் தெரியும்? நின்றது தெரிகிறது அவளுக்கு! இட்லிக் கொப்பரையை விழ விட்டால் கொட்டாவி விடுகிறவளுக்கு, உங்கள் பையன் வாசிப்பதை நிறுத்தினால் பொறுக்கவில்லை! நாங்கள் யாருமே கவனிக்காததைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். வயிற்றிலேயே அந்தப் பீரோவுக்குப் பக்கத்தில் நின்று பழகியவள்தானே. அதோ ஆரம்பித்துவிட்டார். அதோ கண்ணை மூடிவிட்டாள். ஐயோ, எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இல்லை, நான் அழவில்லை, தூசி. பக்கத்தில் கிடங்கு இல்லையா, தூசி.

அந்தக் கூச்சல் கேட்டதா? அதுதான். துணி வீசிவிட்டார்கள். இனி வெற்றி வருவான், நான் போக வேண்டும்.

வெற்றி! இங்கே! இந்தப் பக்கம்! ஏன் நனைந்திருக்கிறாய்? தலையில் என்ன அது?

ஆன்ட்டி, பிடித்துவிட்டான். துணியைப் பிடித்துவிட்டான்! இத்தனை வருஷம் கழித்து! அப்புறம் ஏன்டா முகத்தை இப்படி வைத்திருக்கிறாய்? என்ன சொல்கிறான் கேட்டீர்களா? "புடிச்சதும் 'மெர்லி, மெர்லி'ன்னு திரும்பினேன். வேற ஒருத்தன் நிக்கறான். அவன்கிட்ட காட்டினேன். 'ப்ரோ, சொட்டுது, தள்ளி நில்லுங்க'ன்றான்." தன் முதுகுப்பை வாரை யாரும் பிடித்து இழுக்கவில்லை, அதனால் சரியாகக் குதிக்கக்கூட வரவில்லை என்கிறான். பாடினாயா? பாடவில்லையாம். செகண்ட் இல்லாமல் தன் குரல் தனக்கே கேட்டதாம், பயந்துவிட்டானாம்.

"சரி, நீ போ மெர்லி, உன் பாதி. பாப்பாவ குடு."

கொடுக்கிறேன். எஸ்தரைக் கொடு என்கிறான் ஆன்ட்டி, எஸ்தர்...

எஸ்தர் உங்கள் மடியில் அல்லவா இருக்கிறாள்.

நான் எப்போது கொடுத்தேன்? காதுமூடி எடுக்கும்போதா? அப்போதிருந்தேவா? நான்தான் கொடுத்தேனா? வெற்றி, சிரிக்காதே. நீ சிரித்தால் எனக்கும் வருகிறது. இவர் குமரேசனின் அம்மா. எந்தக் குமரேசனா? சட்டைக் குமரேசன். கும்பிடு முதலில். இனிமேல் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாயானால் தெரியும். உன் மகளுக்கு அவர்தான் பிடித்த கலைஞர்.

ஆன்ட்டி. ஒன்று கேட்கட்டுமா? மூன்றே பாட்டு. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கதவுக்கு உள்ளே, அந்த முதல் தூணிடமே நின்றுகொள்கிறோம். தலையை நீட்டினால் நீங்கள் தெரிவீர்கள். நான் நீட்டிக்கொண்டேதான் இருப்பேன், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தண்ணீர் இதில் இருக்கிறது. துணி இதில். இது காய்ச்சல் பார்க்கிற கருவி, வேண்டியிருக்காது, இருந்தாலும் இருக்கட்டும். தலையை மட்டும், ஆம், உங்களுக்குத் தெரியும், நீங்கள் ஒருத்தரை வளர்த்திருக்கிறீர்கள். வெற்றி, பையைத் திரும்பி மாட்டு, வார் எங்கே? பிடித்துவிட்டேன். போ, போ, நகரு.

ஆன்ட்டி! நடுவில் உங்கள் பையன் நிறுத்தினால் எழுந்து கத்துவாள். பயப்படாதீர்கள். ஒன்றும் இல்லை. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, அவ்வளவுதான்.